மீட்டர் பெட்டிக்குள் உலர்ந்த அம்மன்

இதை எழுத உட்காரும்போதெல்லாம் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடுவேன். அதற்குக் கீழே ஒரு வரியும் வராது. அப்படிச் சுழி மட்டும் போட்ட தாள்கள் என் பூஜை அலமாரியில் ஒரு கட்டு கிடக்கின்றன. சுழி போட்டதைக் குப்பையில் எறிய மனம் வரவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான், பிழையோடு எழுதிவிடுவோமோ என்ற பயம் ஒரு பக்கம். பெரிய பயம் வேறு. இதில் வருகிறவர்களில் ஒருத்தி என் அம்மா. பெற்றவளை நாலு பேர் முன்னால் குறைத்துச் சொல்லலாமா என்று என்னையே கேட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டேன். இப்போது அம்மாவே எழுதச் சொல்லிவிட்டாள்.

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் என்னோடு வளர்ந்தவர்களே, நம் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு கதை வந்ததே, ‘பாணாமதி ஆன்ட்டி’, அதாவது சூனியக்கார ஆன்ட்டி என்று தலைப்புப் போட்டு, கறுப்புப் பூனைப் படத்தோடு? நம் பிளாக்கில் பிள்ளையில்லாத ஒருத்தி, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்குச் சூனியம் வைத்தாள். முட்டை ஓடும் முள்ளும் கறுப்பு அட்டையும் படிக்கட்டின் கீழே கிடைத்தன. அட்டையை எரித்தபோது அது கத்தியது. அவள் ராவோடு ராவாக ஓடிப்போனாள் என்று. நீங்களும் பயந்த முகம், சிரித்த முகம் எல்லாம் போட்டிருந்தீர்கள். ஒருவர் ‘நானே கண்ணால் பார்த்தேன்’ என்று எழுதியிருந்தார். அவர் அப்போது பிறக்கவே இல்லை.

அதைப் போட்டவன் என் தம்பி. அன்று அம்மா வயிற்றில் இருந்தவன் அவன்தான். அந்தக் கறுப்பு அட்டையைச் செய்தவள் நான்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. ஊரெல்லாம் கம்ப்யூட்டர் பேச்சாக இருந்த காலம். எதிர்வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டியின் மகன் அமீர்பேட்டில் ஏதோ கோர்ஸ் படித்துக்கொண்டு, கடனில் ஒரு கம்ப்யூட்டரும் வாங்கி வைத்திருந்தான். கண் பட்டுவிடும் என்று ஆன்ட்டி அதன் மூஞ்சிக்கு மேல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருந்தாள். அவன் விசைப்பலகையில் தட்டும்போதெல்லாம் மிளகாய் ஆடும்.

நம் குவார்ட்டர்ஸின் சுபாவம் உங்களுக்கே தெரியும். ராணுவ ஆராய்ச்சி ஆபீஸ்காரர்களின் குடியிருப்பு, பையைத் திறந்து காட்டாமல் யாரும் வேலைக்குப் போய்வர முடியாத இடம். ஆபீஸில் என்ன செய்கிறீர்கள் என்று அப்பாவை யாராவது கேட்டால் ‘வேலை’ என்பார், அத்தோடு சரி. பாய் விற்க வருகிறவனைக்கூட ‘யாரு, எந்த ஊரு, யார் உள்ள விட்டது?’ என்று நாலு வீடு விசாரிக்கும். சந்தேகப்படுவது நமக்குக் குற்றமாகப் படவில்லை. ஜாக்கிரதை என்று அதற்குப் பெயர்.

அம்மா அதற்கு முந்தின வருஷம் ஒரு கர்ப்பத்தை இழந்திருந்தாள். அதனால் இந்த முறை ஜாக்கிரதை பத்து மடங்கு. வீட்டுக்கு வந்து போகிறவர்கள் அம்மாவின் வயிற்றை எவ்வளவு நேரம் பார்த்தார்கள், என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்று எல்லாவற்றையும் கவனிப்பாள். ‘பொலிவா இருக்கீங்க’ என்று சொன்னவள் போனதும் உப்பும் மிளகாயும் சுற்றிப்போடுவாள். ஊசி நூல் எடுப்பதில்லை. வீட்டுக்குள் கறுப்பு கூடாது. என் பள்ளிக்கூடக் கறுப்பு ஷூவைக்கூட வாசலில்தான் விட வேண்டும். நானும் இன்று தினம் விளக்கேற்றுகிறவள், என் பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றுகிறவள். அதனால் அம்மாவைப் பார்த்துச் சிரிக்க மாட்டேன். பறிகொடுத்தவள் பயந்தாள்.

அந்த அம்மா நம்பிக் கீழே இறங்கிப் போன ஒரே வாசல், கீழ்வீட்டு அத்தையுடையது. அத்தை திருநெல்வேலிப் பக்கம். நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம், சைவம். கல்யாணமாகி வெகுநாள் ஆகியும் அத்தைக்குப் பிள்ளை இல்லை. அம்மா ஊருக்குப் போனபோது அவளுக்கென்று கருகாத்த அம்மன் படம் ஒன்று வாங்கி வந்து கொடுத்தாள். வயிற்றின் மேல் கை வைத்து நிற்கும் அம்மன். அந்தப் படத்தில் ஒரு கோளாறு: அச்சு நகர்ந்து, வயிற்றின் மேலிருந்த கை இரட்டையாக விழுந்திருந்தது. அத்தை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “ரெண்டு கையா வச்சுக் காப்பாத்துதா, நல்லதுதானம்மா” என்று சிரித்தாள்.

அன்றைக்கே அம்மா ஒரு வாக்குக் கொடுத்தாள். “அக்கா, எனக்கு வளைகாப்பு நடக்கறப்ப என் பக்கத்து மணையில நீங்கதான் உக்காரணும். எனக்கு அடுக்கினதும் உங்க கைக்குத்தான் வளையல்.” பிள்ளைக்கு ஏங்குகிறவளை அப்படிப் பக்கத்தில் உட்கார வைத்து வளையல் போட்டால் அவளுக்கும் தங்கும் என்பது நம் வழக்கம். அத்தைக்கு அதற்குப் பிறகு வேறு நினைப்பே இல்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம், “ஏட்டி, உங்கம்மைக்கு எத்தனாம் மாசம் தொடங்குது? ஏழுல வைப்பாகளா, ஒம்பதுலயா?” என்பாள். மணைக்கு உட்காரக் கத்திரிப்பூப் பட்டுச்சேலை ஒன்றை எடுத்து, ரவிக்கை பிரித்துத் தைத்து, தயாராக வைத்திருந்தாள்.

அந்த வளைகாப்புக்கு நான் அம்மாவுக்கு ஏதாவது செய்துகொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

எங்கள் பள்ளிக் கண்காட்சியில் ஒரு பெரிய வகுப்பு அக்கா கறுப்பு அட்டையைக் கீறி ஒரு மயில் செய்திருந்தாள். கறுப்புக்கு அடியிலிருந்து நிறம் எட்டிப் பார்த்தது. இருட்டுக்குள் கை விட்டு எடுத்த மாதிரி இருந்தது எனக்கு. எப்படி என்று கேட்டதற்கு டிராயிங் மிஸ் நடந்துகொண்டே சொன்னாள்: அட்டை முழுக்க மெழுகுக் கலர் தேய், மேலே கறுப்புப் பெயிண்ட் பூசு, காய்ந்ததும் கீறு. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பாடம்.

வீட்டில் கறுப்பு கூடாது என்பதால் அத்தை வீட்டுப் பின்கட்டு என் இடமாயிற்று. அத்தைக்கு வரைய வராது, கோலத்திலேயே ஒரு புள்ளி விட்டுப்போகும். “என்னமும் செய்யி, தரையில சிந்தாத” என்பது மட்டும்தான் அவள் சொன்னது.

நோட்டு அட்டையில் செய்தேன். மெழுகின் மேல் பெயிண்ட் நிற்காமல் சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் மாதிரி உருண்டது. தூரிகையைக் குளியல் சோப்பில் தேய்த்துக்கொண்டால் பிடிக்கும் என்று பிறகு மிஸ் சொன்னாள். பிடித்தது. ஆனால் காம்பஸ் முனையால் கீறியபோது அட்டையே கிழிந்தது. கிழியாத இடத்தில் பச்சை, ரோஸ், மஞ்சள் என்று ஏழு நிறமும் வந்தது. அம்மனுக்கு அது சர்க்கஸ் சேலை கட்டிவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு வெள்ளைக் கோடு மட்டும் போதும். கோயிலில் கறுத்த சிலை மேல் விபூதி விழுந்த மாதிரி.

அதற்கு அட்டையை வெள்ளையாக்க வேண்டும். அப்பாவின் புதுச் சட்டைக்குள் மடித்து வரும் அட்டை கெட்டியானது. அதன் பளபளப்பான பக்கத்தில் எதுவும் ஒட்டாமல் உரிந்தது. சொரசொரப்பான பக்கம் நன்றாகக் குடித்தது. சாக்பீஸை இடித்து, மைதாப் பசையில் குழைத்து மெல்லிசாகப் பூசி, காயவைத்து, மறுபடி பூசினேன். ஒரு பக்கம் மட்டும் பூசினால் அட்டை அப்பளமாக வளைந்தது. பின்பக்கமும் பூசினேன், நிமிர்ந்துகொண்டது. வெயிலில் வைத்தால் வெடித்தது, நிழலில் வைத்தால் வெடிக்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபின் அந்த வெள்ளையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பாப்பாவுக்குப் போடும் பவுடர் மாதிரி குளிர்ந்தது.

கறுப்பில்தான் சிக்கல். பெயிண்டில் இருந்த தண்ணீர் என் வெள்ளையைக் கரைத்து ஒரே சாம்பல் ஆக்கியது. “அந்தக் காலத்துல முட்டை மஞ்சக்கரு கலப்பாங்க, இதெல்லாம் உனக்கு எதுக்கு?” என்று மிஸ் அலுத்துக்கொண்டாள். அத்தை வீட்டில் முட்டை இருந்தது. கரியும் இருந்தது. பிறக்கப்போகும் பாப்பாவுக்குக் கண்மை கூட்ட வேண்டும் என்று அத்தை விளக்கெண்ணெய் விளக்குக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்துக்கொண்டிருந்தாள். தட்டின் ஓரத்தில் மிஞ்சியதை நான் வழித்துக்கொண்டேன். மஞ்சக்கருவில் குழைத்துப் பூசிய அந்தக் கறுப்பு, ஒரு பொட்டு வெள்ளையைக்கூடக் கரைக்காமல் பட்டுத்துணி மாதிரி உட்கார்ந்தது.

கீறுவதற்கு எத்தனையோ பார்த்தேன். ஊக்கு வளைந்தது. தீர்ந்துபோன பால்பென் ரீஃபில் தடித்த கோட்டுக்கு நன்று. குழாய்க்காரர் விட்டுப்போன ஆக்ஸா பிளேடுத் துண்டால் ஒரே இழுப்பில் சேலை மடிப்பு மொத்தமும் வந்துவிடும். (அப்பா ஆபீஸிலிருந்து ஓர் ஆணிகூட வீட்டுக்கு வந்தது கிடையாது.) முகத்துக்கும் விரலுக்கும் எதுவும் சரிவரவில்லை. ஒருநாள் அத்தையின் தோட்டத்து எலுமிச்சைச் செடி என் கையைக் கீறியது. அந்த முள்ளையே ஒடித்துக் காயவைத்தேன். கறுப்பை மட்டும் எடுத்தது, வெள்ளையைத் தோண்டவில்லை. நாலைந்து முள்ளை, முனை மழுங்காமலிருக்க ஒரு மெழுகுவத்தித் துண்டில் குத்தி வைத்துக்கொண்டேன்.

இந்தப் பட்டியலை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு காரணத்துக்காக என் கைக்கு வந்தது. பின்னால் அவை மொத்தமாக ஒரே இடத்தில் கிடந்தபோது ஒருவரும் அந்தக் காரணத்தைக் கேட்கவில்லை.

அத்தையின் பூஜை அலமாரியிலிருந்த அம்மன் படத்தைப் பார்த்துக் கீறினேன். நகர்ந்துபோன கையைக்கூட விடாமல் இரட்டையாகவே கீறினேன். சாமியைத் திருத்த எனக்கு என்ன தகுதி? ஆனால் பென்சிலில் வரைகிற மாதிரியே வரைந்தேன். படத்தில் எங்கெல்லாம் கோடு இருந்ததோ அங்கெல்லாம் கீறினேன். அதனால் அம்மனின் முகம் முழுக்கக் கறுப்பாகவே நின்றுவிட்டது. கண்ணின் கருமணியைக் கீறினேன், அது வெள்ளையாயிற்று. புருவம், கூந்தல் எல்லாம் நரைத்தன. நெஞ்சுக்குள் நான் அழகான அம்மனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை எட்டிப் பார்த்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, “அம்மன்னு தெரியுது” என்றாள். நான் கேட்காமலே சொன்னாள்.

முட்டை வாடை போக நிழலில் இன்னும் உலர வேண்டும். அத்தை வீட்டில் விருந்தாளிகள் வந்திருந்தார்கள், பின்கட்டில் இடமில்லை. படிக்கட்டின் கீழே, அத்தை வாசலை ஒட்டி மீட்டர் பெட்டிகள் வைத்த மரக்கதவு அலமாரி இருக்குமே, அதன் அடித்தட்டில் அட்டை, முட்கள், கரிக்கிண்ணம், கறுப்புக் கரைத்த முட்டை ஓடு எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். வளைகாப்புக்கு ஒரு வாரம்கூட இல்லை.

அன்று மத்தியானம் எதிர்வீட்டில் இஸ்திரிப் பெட்டி போட்டதும் ஃபியூஸ் போயிற்று. மகனின் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டதென்று அவன் கத்த, ஆன்ட்டி இறங்கி வந்து அலமாரியைத் திறந்திருக்கிறாள்.

நான் பள்ளி முடிந்து வரும்போது படிக்கட்டு முழுக்கக் கூட்டம். அம்மா நாலாவது படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆன்ட்டி கீழே தரையில் என் அட்டையை ஒரு குச்சியால் புரட்டினாள். பாத்திரம் தேய்க்க வரும் புவா தள்ளி நின்று, “நக்கோ அம்மா, ஹாத் நக்கோ லகாவ்” என்று யாரையும் தொடவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தாள்.

“இது பாணாமதி அம்மா! மா ஊர்லோ நான் பாத்தேன்,” என்று ஆன்ட்டி தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். “கோடிகுட்டு, முட்டை ஓடு, முள்ளு, மெழுகுல குத்தினாங்க. பொம்மையைப் பாரு. கர்ப்பம் இருக்கு. அது மேலே ஒரு கை இல்லே, ரெண்டு கை! ஒண்ணு அம்மாது. இன்னொண்ணு யாருது? வயித்தைப் பிடுங்குது, பாரு!”

“யார் வாசல்ல இருந்துச்சு?” என்றாள் அம்மா. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த வாசலைப் பற்றித்தான் கேட்டாள்.

அத்தை ஈரக்கையோடு வெளியே வந்தாள். “அய்ய, இது பிள்ள வரைஞ்சதுல்லா! உங்க மவதான். உங்களுக்கு வளைகாப்புக்குக் குடுக்கணும்னு.”

நானும் பையைப் போட்டுவிட்டு ஓடினேன். “அம்மா, நான்தாம்மா பண்ணினேன். வளைகாப்புக்குக் குடுக்கணும்னு.”

அந்த இடத்தில்தான் எல்லாம் கெட்டது. அத்தை சொன்னதையும் நான் சொன்னதையும் ஆன்ட்டி கூட்டிப் பார்த்தாள். “ரெண்டு பேரும் ஒரே மாட்ட, ஒரே வார்த்தை சொல்றாங்க. சூசாரா, பாத்தீங்களா? நேர்ப்பிச்சி வச்சுட்டாங்க பிள்ளைக்கு.” சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நாங்கள் மாற்றி மாற்றிச் சொல்லியிருந்தால்கூட ஒருவேளை நம்பியிருப்பார்கள்.

அம்மா என் தோளைப் பிடித்தாள். “முட்டை உனக்கு எங்கடி கிடைச்சுது?”

“அத்தை குடுத்தாங்க.”

“கரி?”

“அத்தை... பாப்பாவுக்கு மை கூட்டினாங்க.”

அம்மாவின் முகம் செத்துவிட்டது. பிறக்காத பிள்ளைக்கு முன்கூட்டி எதுவும் செய்யக்கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம். ஒரு முழத் துணிகூட வாங்கவில்லை. “பொறக்கறதுக்கு முன்னாடியே மை கூட்டினீங்களா? யாரு கேட்டா உங்களை?”

“ஆசையில செஞ்சேம்மா,” என்றாள் அத்தை. “எங்கூர்ல அப்படி ஒண்ணும் பாக்க மாட்டோம்.”

“முள்ளு உங்க செடி முள்ளுதானே?”

“முள்ளு எங்க செடிதான்.”

“அப்புறம் இதுல என் மக பண்ணினது என்ன இருக்கு?”

ஆன்ட்டி கற்பூரமும் மண்ணெண்ணெயும் கொண்டுவந்தாள். அதுவரை நிதானமாக நின்ற அத்தை அப்போதுதான் குரலை உயர்த்தினாள். “எரிச்சிராதிய! அதுல சாமி இருக்கு. கருகாத்தாதான் அது, நல்லாப் பாருங்க!” என்று அட்டையின் மேல் கை வைத்தாள்.

“பாத்தீங்களா,” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். “எரிக்க விட மாட்டேங்கறா.”

எரித்தார்கள். முட்டையும் பசையும் சேர்ந்து பொரிந்து சடசடத்தது, மெழுகு உருகிச் சீறியது. நீங்கள் கேள்விப்பட்ட கத்தல் அதுதான். எனக்கும் அது அழுகை மாதிரித்தான் கேட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் புத்தகப்பைக்குள் கறுப்புப் பூசி மிஞ்சிய ஒரு சிறு துண்டும் ஒரு முள்ளும் இருந்தன. அவற்றை வாங்கி ஜன்னலோரம் நின்று தானே ஒரு கோடு கீறி, தூளை ஊதி, சாய்த்துப் பார்த்தார்.

“வெள்ளை எதால பண்ணின?”

“சாக்பீஸும் மைதாவும்ப்பா.”

“பின்னாலயும் பூசியிருக்கியே.”

“இல்லாட்டி வளைஞ்சுடுதுப்பா.”

துண்டைத் திருப்பி என் கையில் வைத்தார். நம்பிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. “அம்மாகிட்ட சொல்லுங்கப்பா” என்றேன். உள்ளே எட்டிப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். “இப்ப எது சொன்னாலும் அவளுக்குப் பதட்டம். குழந்தை நல்லபடியாப் பொறக்கட்டும். அப்புறம் நான் சொல்லிக்கறேன்” என்றார்.

தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பது அவருக்குச் சம்பளம் தரும் வேலை. வீட்டிலும் அதையே செய்தார். தம்பி பிறந்தான், பச்சை உடம்புக்காரி, இப்போது வேண்டாம் என்றார். பிறகு பழசைக் கிளறுவானேன் என்றார். அவர் காலமானபோது அந்த ஒரு சாட்சியும் போயிற்று.

வளைகாப்பு நடந்தது. கூடம் நிறைய சந்தனமும் வளையல் சத்தமும். அம்மாவின் பக்கத்து மணையில், புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த ஆன்ட்டியின் தம்பி பெண்டாட்டி உட்கார்ந்தாள். நான் நழுவிப் படிக்கட்டுக்கு வந்து கீழே பார்த்தேன்.

அத்தையின் கதவு திறந்திருந்தது. வாசலில் பெரிதாகக் கோலம், வழக்கம்போல ஒரு புள்ளி விட்டுப்போய். உள்ளே நாற்காலியில், தலைக்குப் பூ வைத்து, கத்திரிப்பூப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். யாராவது கூப்பிட்டால் உடனே எழுந்துவர வசதியாகச் செருப்பைக் காலருகே வைத்திருந்தாள். மேலே ஏறிப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

அதன்பின் அத்தை வீட்டுக்கு மோர் கொடுத்துவாங்குவது நின்றது. அத்தை தொட்ட குழாயை ஆன்ட்டி அலம்பிவிட்டுப் பிடித்தாள். எனக்கும் ஒரு மந்திரித்த கயிறு கட்டினார்கள். ‘உன் கையை வச்சு அவ பண்ணியிருக்கா’ என்று திரும்பத் திரும்பக் கேட்டதில், ஒரு கட்டத்தில் நான் என் வலது கையையே வேற்று ஆள் மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன். டிராயிங் வகுப்பில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தம்பி பிறந்த சில மாதங்களில் அத்தை வீட்டார் மல்லாபூர்ப் பக்கம் வாடகைக்குப் பார்த்துப் போனார்கள். ராவோடு ராவாகப் போகவில்லை. நல்ல வெயிலில், டெம்போவில் சாமான் ஏற்றி, பால்காரனுக்குச் சொல்லிவிட்டு, வாசலைக் கூட்டிவிட்டுப் போனார்கள். பள்ளி பஸ்ஸுக்கு நின்ற என்னை அத்தை கைகாட்டிக் கூப்பிட்டாள்.

“உன் தம்பி எப்படி இருக்கான்?”

“நல்லா இருக்கான்.”

“யாரு மாதிரி?”

“அப்பா மாதிரி.”

“நல்லா இருக்கட்டும். ஏட்டி, நீ வரைஞ்சது நல்லாத்தான் இருந்துச்சு. கண்ணுதான் கொஞ்சம் எனக்கும் பயமா இருந்துச்சு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

அம்மாவிடம் நான் சொல்லாமல் இல்லை. பெரியவளானபின் சொன்னேன், என் கல்யாணத்துக்கு முன் சொன்னேன், அப்பா காரியம் முடிந்தபின் சொன்னேன். ஒவ்வொரு முறையும், படத்து அச்சு என்று நான் தொடங்கும் முன்பே ஒரே பதில்: “உனக்குத் தெரியாது. அந்த ரெண்டாவது கையை நான் கண்ணால பாத்தேன்.”

போன மாதம் தம்பியின் கதை வந்ததும் ஃபோன் பண்ணிச் சண்டை போட்டேன். “லைட் தீஸ்கோ அக்கா,” என்றான், “பெரிசா எடுத்துக்காத, சும்மா சிரிக்கத்தான் போட்டேன்.” அவன் பெண்டாட்டிக்கு இப்போது ஆறு மாதம். அம்மா சொல்லிச் சொல்லி அவனுக்குத் தெரிந்த கதை அது. அவனைச் சொல்லி என்ன?

அதே வாரம் என் மகள் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய், பதில் பரிசாகக் கறுப்புப் பக்கங்கள் கொண்ட சின்னப் புத்தகமும் ஒரு மரக்குச்சியும் வாங்கி வந்தாள். கீறினால் ஏழு நிறமும் வருகிறது. எல்லாம் கடையிலேயே கிடைக்கிறது, யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை. அவள் ஒரு நிலாவை வெறும் வட்டமாகக் கீறிவிட்டு, திருப்தியில்லாமல் உள்ளே முழுக்கக் கீறித் தள்ளினாள். நிலா வெளிச்சமாகிவிட்டது. நான் கரண்டியோடு நின்றுவிட்டேன். இதில் கோட்டை வரையக்கூடாது, வெளிச்சம் விழுகிற இடத்தைத்தான் எடுக்க வேண்டும். கருமணியைத் தொடாமல் விட்டு, அதைச் சுற்றியிருக்கும் வெண்மையைக் கீறியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்து என் அம்மனின் கண் எனக்குப் புரிந்தது.

சட்டை அட்டை, சாக்பீஸ், மைதா, விளக்குக்கரி எல்லாம் மறுபடி சேர்த்தேன். முட்டையை மட்டும் மகளை விட்டு வாங்கச் சொன்னேன். எலுமிச்சை முள்ளுக்கு நர்சரிக்குப் போனேன். முதலில் கையெடுத்துக் கும்பிட்டேன், பிறகு கீறினேன். நெற்றி, கன்னம், மூக்குநுனி, வயிற்றின் வளைவு என்று வெளிச்சத்தை ஒவ்வொன்றாக எடுத்தேன். கையை மட்டும் அன்று பார்த்தபடியே, நினைவிலிருந்து, இரட்டையாக விட்டேன். உலர்ந்ததும் அம்மாவிடம் கொண்டுபோனேன்.

அட்டையின் ஓரத்துக் கறுப்பைப் பார்த்ததுமே அம்மா, “யாரு குடுத்தா இதை உனக்கு? வீட்டுல மாசமா இருக்கா மருமக” என்றாள். கையில் வாங்கவில்லை.

“நான்தாம்மா பண்ணினேன். கொஞ்சம் பாரு.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “கருகாத்தா. நல்லா வந்திருக்கு.” பிறகு விரல் வயிற்றுப் பக்கம் இறங்கி, நின்றது. “கை ஏன் ரெண்டு கோடா இருக்கு?”

என் கையிலிருந்து அட்டையை வாங்கி ஜன்னல் பக்கம் சாய்த்தாள்.

“நான் வாங்கின படத்துல இப்படித்தான் அச்சு நகர்ந்திருந்துச்சு. மாத்திக் குடுங்கன்னு கேட்டேன், கடைக்காரன் முடியாதுன்னுட்டான். அதை நான் கீழ்வீட்டு அக்காவுக்கு...”

அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். விளக்கு வைக்கும் நேரம் வந்தது, எழுந்திருக்கவில்லை. கடைசியில், “அவங்க நல்லாப் பாருங்கன்னு சொன்னாங்கடி,” என்றாள். “நான் வாங்கிக் குடுத்த சாமியையே நான் பாக்கலையே.”

பிறகு தம்பியைக் கூப்பிட்டாள். “நீ போட்ட கதையை அழிடா.”

“இப்ப அழிக்க முடியாதும்மா. எல்லாருக்கும் போயிடுச்சு. அவங்க வேற யார் யாருக்கோ அனுப்பியிருப்பாங்க.”

“அப்ப உண்மையும் அதே வழியில போகட்டும். அக்கா எழுதுவா. நீ அனுப்பு.” என் பக்கம் திரும்பி, “நான் பேசினதை எனக்காக நல்லதாக்கி எழுதாத. பேசினது பேசினபடி இருக்கட்டும்” என்றாள்.

அடுத்த மாதம் தம்பி பெண்டாட்டிக்கு வளைகாப்பு. பக்கத்து மணையில் யாரை உட்கார வைப்பது என்று சம்பந்தி வீட்டார் கேட்டார்கள். அம்மா யார் பெயரையும் சொல்லவில்லை. மணை போடட்டும், கத்திரிப்பூக் கலரில் ஒரு சேலையும் தாம்பாளத்தில் வளையலும் வைக்கட்டும், ஆள் வருகிறார்களா பார்ப்போம் என்றாள். அத்தைக்கு இப்போது அறுபதுக்கு மேல் இருக்கும். பிள்ளைக்காக இல்லை, கொடுத்த வாக்குக்காக.

நண்பர்களே, உங்களில் யாருக்காவது மல்லாபூர், ஹப்சிகுடா பக்கம் உறவோ பழக்கமோ இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். பூனைப் படம் வேண்டாம், தலைப்பை மாற்ற வேண்டாம். எங்கள் அம்மா பேசியதை மென்மையாக்க வேண்டாம், ஆன்ட்டியை அரக்கியாக்க வேண்டாம், அத்தையைத் தெய்வமாக்கவும் வேண்டாம். ஒரு வார்த்தை கூட்டியதால்தான் அன்று கையொன்று கூடியது. எழுதியது எழுதியபடி போனால், எலுமிச்சைச் செடி வைத்திருக்கும் ஏதோ ஒரு வாசலில் அத்தை இதைக் கேட்டு, இது தன்னைப் பற்றியது என்று அடையாளம் கண்டுகொள்வாள். அந்தக் கருகாத்தாள் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்.